வலையில் வரும் வீட்டுக் குறிப்புகள்: தோட்டத்து வீடுகளில் எது நிற்கிறது, எது நிற்பதில்லை

ஒரு நிமிடக் காணொளியில் பைப்பை அடைக்கிறார்கள், காற்றாடியை ஓட வைக்கிறார்கள், எறும்பை விரட்டுகிறார்கள். பாதிக்கு மேல் உண்மைதான். ஆனால் அளவு சொல்வதில்லை, ஏன் வேலை செய்கிறது என்றும் சொல்வதில்லை. அதனால் ஒரு வீட்டில் பலித்தது அடுத்த வீட்டில் பலிப்பதில்லை.

இங்கே எழுதியிருப்பவை மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா வட்டார வீடுகளுக்குப் பொருந்துபவை. பெயர் மாறினாலும் ஊர்க்காரர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கிய தென்னமரம் என்ற இடம் இந்தப் பக்கம்தான். வீடுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, பாதிச் சுவரும் பலகையும் தகரமுமாக நிற்கும் பழைய தோட்டத்து வீடு. மற்றது, தோட்டத்தை விட்டு வந்தவர்கள் வாங்கிய மலிவு விலைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. இரண்டிலும் ஈரம் அதிகம், பிற்பகலில் இடி மழை, தண்ணீர் நின்று திரும்பினால் பைப்பில் செம்மண் நிறம். குறிப்புகளை இந்த மூன்றையும் வைத்துத்தான் தேர வேண்டும்.

காற்றாடி மெதுவாகச் சுற்றினால்

வலையில் கிடைக்கும் குறிப்புகளில் காசையும் அலைச்சலையும் அதிகம் மிச்சப்படுத்துவது இதுதான். கூரைக் காற்றாடி ஐந்தில் வைத்தாலும் இரண்டில் வைத்த மாதிரி சுற்றுகிறது என்றால், பெரும்பாலும் மோட்டார் கெட்டிருக்காது. காற்றாடிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி மோட்டாரைச் சுழல வைக்கும் சிறு பாகம், தளர்ந்திருக்கும். பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு போட்டு அதைச் செய்கிறார்கள். மின்னழுத்தம் ஒரு நொடி எகிறினாலும் அந்தப் பூச்சில் ஒரு புள்ளி எரிந்து மறையும். மிச்சப் பூச்சு வேலை செய்துகொண்டே இருக்கும். இடி மழை அதிகமான ஊரில் இப்படிப் புள்ளி புள்ளியாகத் தேய்ந்து கொள்ளளவு குறைகிறது. அதனால்தான் காற்றாடி ஒரே நாளில் நிற்காமல் மாதக் கணக்கில் மெல்ல மெல்லச் சோர்கிறது.

புதுக் கெப்பாசிட்டர் வாங்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். தடையில்லாமல் பல சுற்றுப் போய் நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. உரசல் சத்தத்தோடு சட்டென்று நின்றால் பேரிங்தான் கோளாறு, கெப்பாசிட்டர் மாற்றிப் பயனில்லை. இரண்டாவது, ஐந்தில் வேகமாகவும் ஒன்று, இரண்டில் மட்டும் ஓடாமலும் இருந்தால் சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். மூன்றாவது, போட்டவுடன் உறுமிக்கொண்டு அசையாமல் நிற்கிறது, துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறது என்றால் ஐயமே வேண்டாம், கெப்பாசிட்டர்தான்.

சுவர் சுவிட்சை அணைத்தால் போதும் என்று காணொளிகளில் சொல்வார்கள். போதாது. பழைய வீடுகளில் சுவிட்சை, மின்சாரம் வரும் கம்பியில் மாட்டாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் மாட்டியிருப்பதும் உண்டு. அப்படியானால் அணைத்த பிறகும் காற்றாடியில் 230 வோல்ட் இருக்கும். மெயின் பெட்டியில் அந்த வரிசைக்கான எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்சை) இறக்குங்கள், டெஸ்ட் பென் வைத்துப் பாருங்கள், பிறகு ஏணியில் ஏறுங்கள்.

மோட்டாருக்கு மேலே இருக்கும் கிண்ண மூடியைத் தளர்த்தினால் விரல் அளவில் கறுப்பு அல்லது வெள்ளைப் பெட்டி ஒன்று இரண்டு கம்பிகளோடு தெரியும். சில காற்றாடிகளில் கூரையை ஒட்டிய மூடிக்குள் இருக்கும். கழற்றும் முன் அதன் இரு முனைகளையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரு டிரைவரால் ஒரு தடவை சேர்த்துத் தொட்டு, மிச்ச மின்னூட்டத்தைப் போக்கிவிடுங்கள். மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 1.5, 2, 2.5 என்று மைக்ரோஃபாரட் அளவு இருக்கும். கூடவே 400 அல்லது 450 வோல்ட் ஏசி என்று இருக்கும். மைக்ரோஃபாரட் அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம். குறையக் கூடாது.

வலையில் ஒரு தவறான அறிவுரை சுற்றுகிறது: 2.5 இருந்த இடத்தில் 3.5 போட்டால் காற்று கூடும் என்று. கொஞ்சம் கூடும், உண்மை. ஆனால் துணைச் சுருளில் மின்னோட்டமும் கூடி மோட்டார் சுடும், வார்னிஷ் கருகும். சில ரிங்கிட் சாமானுக்காக முழுக் காற்றாடியை இழக்க வேண்டாம். கெப்பாசிட்டர் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள். 2.5 என்று போட்டது 2.2க்கும் கீழே காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கெப்பாசிட்டருக்கு நேர்முனை எதிர்முனை கிடையாது, எந்தக் கம்பியை எதில் கொடுத்தாலும் சரி. ஆனால் கம்பிகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி விடாதீர்கள். கூரைச் சூட்டில் டேப்பின் பசை உருகி வழுக்கிவிடும். திருகு வைத்த சிறிய கனெக்டரில் மாட்டுங்கள். இந்த வேலை காற்றாடிக்குள் மட்டும்தான். சுவருக்குள் போகும் வயரிங்கைத் தொட வேண்டியிருந்தால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஆட்டம் காண்கிற காற்றாடிக்கு நாணயம் ஒட்டும் குறிப்பும் பலிக்கிறது, வரிசை மாறாமல் செய்தால். முதலில் இறக்கைகளைத் துடையுங்கள். பழைய தலையணை உறையை இறக்கைக்குள் நுழைத்து வெளியே இழுப்பது நல்ல யோசனை, தூசி மெத்தையில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும். அடுத்து இறக்கைத் திருகுகளை இறுக்குங்கள். பிறகு கூரையில் ஒரே புள்ளியிலிருந்து ஒவ்வொரு இறக்கை நுனிக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் இறக்கையைப் பிடிக்கும் கை வளைந்திருக்கிறது. அதை நேராக்காமல் நாணயம் ஒட்டுவது வீண். எல்லாம் சமமாக இருந்தும் ஆடினால், 2012இல் வந்த புது வரிசை 5 சென் நாணயத்தை ஓர் இறக்கையின் மேற்பக்கம் நடுவில் டேப்பால் ஒட்டி ஓட விடுங்கள். அது ஏறக்குறைய 1.7 கிராம்தான். ஆட்டம் கூடினால் அடுத்த இறக்கைக்கு மாற்றுங்கள். குறையும் இறக்கை தெரிந்ததும் நாணயத்தை நுனிப் பக்கம் நகர்த்துங்கள். போதவில்லை என்றால் 10 சென் வையுங்கள், அது ஏறக்குறைய 3 கிராம். டேப் இறக்கையின் முழு அகலத்தையும் சுற்றி வர வேண்டும். சுற்றும் வேகத்தில் பிய்த்துக்கொண்டு பறக்கும் நாணயம் கண்ணைக் கெடுக்கும்.

ஏணியில் இருக்கும்போதே கொக்கியையும் பார்த்துவிடுங்கள். ரப்பர் உருளை, அதில் போகும் போல்ட், போல்ட்டைப் பிடிக்கும் பிளவு ஊசி, பாதுகாப்புக் கம்பி, நான்கும் இருக்க வேண்டும். நெடுநாள் ஆடிய காற்றாடியில் ஊசி தேய்ந்து போயிருக்கும்.

சொட்டுகிற பைப்பும் ஒழுகுகிற தொட்டியும்

சொட்டும் பைப்பை ரப்பர் பேண்டால் கட்டுவது, சூயிங்கம் வைப்பது எல்லாம் ஒரு மணி நேரம் தாங்காது. சரியான வேலை அதைவிட எளிது.

பல சுற்றுத் திருகும் பழைய பைப்பில் கோளாறு அடியிலுள்ள ரப்பர் வாஷரில்தான். அளவு அரை இஞ்சி. மீட்டர் பக்கத்து வால்வை மூடுங்கள், பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை விடுங்கள், தலைப்பகுதியை ஸ்பானரால் இடமாகத் திருகிக் கழற்றுங்கள். திருகும்போது மற்றொரு கையால் பைப்பின் உடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைக் காணொளிகளில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பழைய வீட்டில் சுவருக்குள் இருப்பது இரும்புக் குழாய். பைப்போடு சேர்ந்து அதுவும் திரும்பினால் துருப்பிடித்த மரை சுவருக்குள்ளேயே முறியும். பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான்.

பழைய வாஷரை எடுத்துப் புதியதைப் போடுவதற்கு முன், வாஷர் போய் உட்காரும் வட்ட விளிம்பைச் சுண்டு விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. பள்ளமோ கீறலோ தட்டுப்பட்டால் புது வாஷர் சில வாரத்தில் கிழியும். அப்போது பைப்பையே மாற்றுவதுதான் கணக்கு. வாஷர் போட்ட பிறகும் சொட்டினால் பலர் இன்னும் இறுக்கி மூடுவார்கள். அந்த இறுக்கம்தான் அடுத்த வாஷரையும் கெடுக்கிறது.

கால் சுற்றில் திறக்கும் பைப்பில் வாஷர் கிடையாது, பீங்கான் வட்டுகள் உள்ள கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதில் மணல் துகள் சிக்கினால் சொட்டும். கழற்றி வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துப் போட்டால் பல தடவை சரியாகிவிடும். வட்டில் கீறல் இருந்தால் ஆகாது.

புதுப் பைப் மாட்ட வெள்ளை டெஃப்லான் டேப் வேண்டும். மரை முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, கடிகார முள் போகிற திசையில் 10 முதல் 12 சுற்று, இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். சுவரில் பிவிசி சாக்கெட் இருந்தால் கையால் முழுக்கத் திருகிய பிறகு ஸ்பானரில் அரைச் சுற்று, மிஞ்சினால் ஒரு சுற்று. அதற்கு மேல் போனால் சாக்கெட் வெடிக்கும். நேராக நிறுத்துவதற்காகக் கொஞ்சம் பின்னால் திருப்பாதீர்கள். பின்னால் திரும்பிய டேப் பிடிப்பை விட்டுவிடும். கழற்றி, புது டேப் சுற்றி மீண்டும் செய்யுங்கள்.

கழிவறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகுகிறதா என்று பார்க்க உணவு வண்ணம் ஊற்றும் குறிப்பு முழுக்க நம்பத்தக்கது. கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போதும். மேல் தொட்டியில் கலக்கி அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் அடிப்பக்க ரப்பர் மூடி பிடிக்கவில்லை. ரப்பரில் அழுக்குப் படிந்திருந்தால் துடைத்தாலே தீரும். விறைத்துப் போயிருந்தால் அதே அளவில் புதியது வாங்குங்கள். தொட்டிக்குள் நிரம்பி வழியும் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால் மிதவை உயரமாக இருக்கிறது. தண்ணீர் மட்டம் அந்தக் குழாயின் வாய்க்கு ஒரு இஞ்சி கீழே நிற்கும்படி மிதவையின் திருகை இறக்கி வையுங்கள்.

தண்ணீர் நின்று திரும்பும் நாளில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லைகளில் பாதி வராது. முதலில் வெளியே தோட்டத்துப் பைப்பை மட்டும் திறந்து, தெளிவாக வரும்வரை விடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்குப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகே கழிவறைத் தொட்டியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் திறங்கள். இயந்திரத்தில் தண்ணீர் மெதுவாக ஏறினால் பழுது என்று ஆளைக் கூப்பிடும் முன், பின்பக்கக் குழாயைக் கழற்றி உள்ளே இருக்கும் சிறு வலையைக் குறட்டால் இழுத்துப் பாருங்கள். செம்மண் அப்பியிருக்கும். பல்துலக்கியால் கழுவிப் போட்டால் தீர்ந்தது. ஷவர் தலையின் துளைகள் அடைத்திருந்தால் பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விடலாம். சாதாரண குரோம் பூச்சு தாங்கும். தங்க நிறப் பூச்சு தாங்காது.

சிங்க் அடைப்பு: சோடாவும் வினிகரும்

எல்லாரும் பகிரும் குறிப்பு இது, நம்பிக்கைக்கு மிகக் குறைவாகவே உரியதும் இதுதான். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்குகிறது. அது கரியமில வாயு. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் ஒன்றை ஒன்று முடித்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவது உப்புக் கரைசல். கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதில் இல்லை. நுரையின் அசைவில் லேசான அழுக்கு நகரலாம், அவ்வளவுதான்.

சமையலறைச் சிங்க்கை அடைப்பது ஆட்டுக் கறிக் கொழுப்பும் பொரித்த எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்த பசை. அதற்குப் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று மேசைக்கரண்டி ஊற்றி, கை பொறுக்க முடியாத சூடுள்ள, ஆனால் கொதிக்காத தண்ணீர் இரண்டு லிட்டரை மெதுவாக விடுங்கள். கொதிநீர் ஏன் கூடாது என்றால், பிவிசி குழாய் 60 பாகைக்கு மேல் தொடர்ந்து தாங்காது. கொதிநீரில் இளகி இணைப்பு விலகும். கொதித்த தண்ணீரில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பைப்புத் தண்ணீர் கலந்தால் சூடு சரியாக இருக்கும். கால் மணி நேரம் கழித்து ரப்பர் பம்ப்பால் அழுத்துங்கள். அழுத்தும்போது சிங்க்கின் மேல் விளிம்பில் உள்ள வழிதுளையை ஈரத் துணியால் அடைத்தே ஆக வேண்டும். அடைக்காவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும், அடைப்பு அசையாது.

அதிலும் போகவில்லை என்றால் அடியில் வாளி வைத்து, குடுவை போல் தொங்கும் டிராப்பைக் கையால் கழற்றிக் கொட்டுங்கள். பத்து நிமிட வேலை. மாட்டும்போது வட்ட ரப்பர் மடங்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கையால் இறுக்கினாலே போதும்.

கடையில் விற்கும் காஸ்டிக் சோடா மணிகள் கொழுப்பைக் கரைக்கும், உண்மை. ஆனால் தண்ணீர் பட்டவுடன் கொதிக்கும் அளவு சூடாகும். முழுக்க அடைத்த குழாயில் போட்டால் அது அங்கேயே உறைந்து கல்லாகிவிடும். பிறகு டிராப்பைக் கழற்றுகிறவரின் கையும் கண்ணும் ஆபத்தில். தண்ணீர் கொஞ்சமாவது இறங்கும் நிலையில் மட்டும், கையுறையும் கண்ணாடியும் போட்டு, பொட்டலத்தில் சொன்ன அளவில் பயன்படுத்துங்கள்.

பயன்படாத குளியலறைத் தரைத் துளையிலிருந்து நாற்றம் வந்தால் அதன் டிராப்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கும், அதில் கொசுவும் முட்டையிட முடியாது. வலைக் குறிப்புகளில் மிகச் சிறியதும் மிகச் சரியானதும் இதுதான் என்பேன்.

குளியலறை மூலைகளில் சிலிகானில் ஏறும் கறுப்புப் பூஞ்சைக்குத் திசுத்தாள் முறை நன்றாகப் பலிக்கிறது. திசுத்தாளைக் கயிறாகத் திரித்து, வெளுப்பானில், அதாவது கடையில் எல்லாரும் குளோரோக்ஸ் என்று கேட்டு வாங்குவதில், நனைத்து மூலையில் ஒட்டிவிடுங்கள். இரவு முழுக்கக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வையுங்கள். வெளுப்பான் வழிந்து ஓடாமல் ஒரே இடத்தில் ஊறுவதுதான் இதில் நுட்பம். பூஞ்சை சிலிகானுக்குப் பின்னால் புகுந்திருந்தால் போகாது, சிலிகானை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும். வெளுப்பானோடு வினிகரோ அம்மோனியாவோ வேறு கழிவறைக் கழுவியோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், சன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

எறும்பு

சீனி டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது நம் பாட்டிமார் செய்தது. வலையில் அதையே புதுக் கண்டுபிடிப்பாகக் காட்டுகிறார்கள். வேலை செய்கிறது, ஆனால் ஒரு திருத்தம் அவசியம். வெறும் தண்ணீர் வைத்தால் அது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். டிங்கி பரவும் ஊரில், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி வீட்டில் புழு கண்டால் அபராதமும் உண்டு. தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விடுங்கள். நீர்ப்பரப்பின் இழுவிசை உடைந்துவிடும். எறும்பு மிதந்து கடக்க முடியாது, முட்டையிட உட்காரும் கொசுவும் மூழ்கும். வாரம் ஒரு முறை கொட்டி, தட்டின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடு இருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. சாமி மேடைக்கு முன் வைக்கும் பூத்தண்ணீர்க் கிண்ணத்துக்கும் இதே கழுவல் தேவை.

எறும்பைத் தூரத் தள்ளுவதோடு நில்லாமல் கூட்டையே முடிக்க வேண்டுமானால் போரிக் அமிலத் தூண்டில் வைக்கலாம். பலரும் இதில் தோற்பதற்குக் காரணம், மருந்தை அள்ளிப் போடுவது. மருந்து அதிகமானால் எறும்பு தூண்டிலுக்கு அருகிலேயே செத்துவிடும், கூட்டில் இருக்கும் ராணிக்குப் போய்ச் சேராது. நூற்றுக்கு ஒன்று போதும். வெதுவெதுப்பான தண்ணீர் 500 மில்லி, சீனி 50 கிராம், போரிக் அமிலப் பொடி 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. கரையும்வரை கலக்கி, பஞ்சை நனைத்துப் புட்டி மூடிகளில் வைத்து எறும்புப் பாதையில் விடுங்கள். கேரம் பலகைக்கு விற்கும் பொடிகளில் சிலதான் போரிக் அமிலம், பெயரைப் படித்து வாங்குங்கள்.

முதல் இரண்டு நாள் எறும்பு முன்பைவிட அதிகமாக வரும். அதைப் பார்த்துப் பயந்து மருந்து அடித்துவிட்டால் எல்லாம் கெட்டது. ஸ்பிரே வாசம் பட்ட தூண்டிலை எறும்பு தொடாது. பஞ்சு காய்ந்தால் மாற்றிக்கொண்டே இரண்டு வாரம் பொறுங்கள். சீனியைத் தொடாமல் கருவாட்டுக்கும் எண்ணெய்க்கும் போகிற எறும்பு வகைக்கு இந்தத் தூண்டில் பயன்படாது. பொடி, கரைசல் இரண்டையும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், மிச்சத்தைப் பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள்.

அரிசியில் வண்டு வந்தால் கிராம்பு, வேப்பிலை, காய்ந்த மிளகாய் என்று ஆயிரம் குறிப்பு உண்டு. நிச்சயமானது உறைபெட்டி: சிறு பொட்டலமாகக் கட்டி நான்கு நாள் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். எடுத்தவுடன் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இல்லையென்றால் ஈரம் படிந்து அரிசி பூஞ்சை பிடிக்கும்.

ஒட்டும் வேலைகள்

சூப்பர் குளூ மேல் சமையல் சோடா தூவினால் நொடியில் கல்லாகும் என்பது உண்மை. காற்றாடி ரெகுலேட்டரின் உடைந்த பிடி, தொலைக்காட்சிக் கையியக்கியின் மூடி போன்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக்குகளுக்கு அருமை. சூடும் புகையும் வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பருத்தித் துணியில் பட்டால் சுட்டுவிடும் அளவு சூடேறும்.

ஆனால் இதை வாளியிலும் பேசினிலும் செய்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். வாளியைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று எண் இருந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். எந்தச் சாதாரணப் பசையும் அதில் ஒட்டாது. அதற்கு உருக்கி ஒட்டுவதே வழி. காணொளியில் கேபிள் டையை உருக்கி ஊற்றுகிறார்கள், அது நைலான், வாளியோடு சேராமல் சில நாளில் உரிந்துவிடும். அதே எண் போட்ட வேறொரு உடைந்த வாளியிலிருந்து ஒரு கீற்று வெட்டி, சால்டரிங் இரும்பால் விரிசலின் இரு பக்கத்தையும் கீற்றையும் ஒன்றாக உருக்கிக் கலந்தால் தாங்கும். விரிசலின் நுனியில் முதலில் சிறு துளை போட்டுவிட்டால் அது மேலும் ஓடாது.

அலமாரிக் கதவின் கீல் திருகு பிடிக்காமல் சுற்றினால் தீக்குச்சியின் மருந்துத் தலையை வெட்டிவிட்டு, வெள்ளை மரப்பசையில் தோய்த்துத் துளை நிறையச் செருகுங்கள். மறுநாள் வரை காய விட்டு, பிறகு திருகுங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் திருகினால் பிடிக்காது. தண்ணீர் குடித்து உப்பிய பலகைக்கு இது உதவாது. சாவி இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துக் களிம்பாகும். 2பி பென்சிலைச் சாவிப் பற்களில் நன்றாகத் தேய்த்துப் பல தடவை போட்டு எடுங்கள்.

தகரக் கூரை

உள்ளே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் தகரத்தின் அடியிலும் சட்டத்திலும் ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். ஆகவே தேடுவது மேல்நோக்கி. ஒருவர் உள்ளே நிற்கட்டும், மற்றவர் ரப்பர் குழாயால் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து நிமிடம் தண்ணீர் விட்டு மேலே வரட்டும். மேலேயிருந்து தொடங்கினால் எல்லா ஓட்டையும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் தெரியாமல் போகும்.

பெரும்பாலும் குற்றவாளி ஆணி. வெயிலில் தகரம் விரிந்து மழையில் சுருங்கும்போது ஆணி மெல்ல மேலே எழும்பி வழி விடுகிறது. அதை அடித்து இறக்கினால் அடுத்த மாதம் மீண்டும் எழும்பும். பிடுங்கிவிட்டு, அதைவிடக் கொஞ்சம் தடித்த, ரப்பர் வாஷர் போட்ட கூரைத் திருகை அதே துளையில் இறக்குங்கள். நெளிதகரத்தில் திருகு மேட்டில்தான் இருக்க வேண்டும், பள்ளத்தில் போட்டால் அதன் மேலேயே தண்ணீர் ஓடும். வாஷர் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்துங்கள். முழுக்க நசுக்கினால் ஒரே வெயிலில் வெடிக்கும்.

சிறு துளைக்கு அலுமினியப் படலம் போட்ட பியூட்டைல் டேப் நல்ல பொருள். அது நிற்பதும் விழுவதும் அடிப்பரப்பைப் பொறுத்தது. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து, ஓட்டையைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் வரும்படி ஒட்டி, ரோலர் அல்லது கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். காலை பத்து மணி வாக்கில், பனி காய்ந்து தகரம் கொதிக்கத் தொடங்குவதற்கு முன் செய்யலாம். பிற்பகல் இடிக்கு முன் இறங்கிவிடவும் முடியும். தார் டேப் மலிவு, ஆனால் நம் வெயிலில் உருகி வழியும். சிலிகான் வைப்பதாக இருந்தால் வினிகர் வாசம் அடிப்பதை வாங்காதீர்கள், அதிலிருந்து வரும் அமிலமே துத்தநாகப் பூச்சை அரிக்கும். நியூட்ரல் என்று போட்டதைக் கேளுங்கள்.

மேலே நடக்கும்போது ஆணி வரிசை தெரியும் கோட்டில் மட்டும் கால் வையுங்கள், அதன் கீழேதான் சட்டம் இருக்கிறது. பழைய தோட்டத்து வீட்டுக் கூரை தகரமாக இல்லாமல் சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடாக இருந்தால் அதன் மேல் ஏறவே வேண்டாம். அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். காலம் போனதில் நொறுங்கிக் காலோடு உள்ளே போகும். அதைத் துளைக்கவோ, அறுக்கவோ, கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. கிளம்பும் இழைத்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் தரும். உள்ளே வாளியை வைத்துச் சமாளித்துக்கொண்டு, அந்தத் தகட்டை ஈரமாக்கி, முழுசாகக் கழற்றி, கட்டி அப்புறப்படுத்தத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.